கதவில் ஒட்டிய தாள்

அப்பா மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. நாளைக்குள் ஏதாவது இறங்காவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களையே மறந்துபோன மனிதர் குழாயைப் பிடுங்குவார். பிறகு கையைக் கட்டிவைப்பார்கள்.

அந்த முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு தாள் உண்டு. 'இவர் எப்படிப்பட்டவர்?' என்ற கேள்விக்குக் கீழே வீட்டார் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் நர்ஸ் உள்ளே வருவாள். மொத்தமே மூன்று வரிதான் இடம்.

கண்டிப்பானவர், நேரம் தவறக்கூடாது என்று எழுதியிருந்தாள் அக்கா. அண்ணன் அதை அடித்துவிட்டு, பேசப் பிடிக்காதவர், தனியாக விடவும் என்று எழுதினான். எனக்குத் தெரிந்ததோ, தலை துவட்டிவிட்டுக்கொண்டே பாடுகிற அப்பா.

"நீ சொல்றது யார் வீட்டு அப்பா?" என்றாள் அக்கா. சண்டை போட மூவருக்குமே தெம்பில்லை. அக்கா எழுதியபடி சூப் நேரத்துக்கு வந்தது. தனியாக விட்டுப் பார்த்தோம். நானும் பாடினேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

மதியம், பஸ் டிப்போவில் அவரோடு வேலை பார்த்த மெக்கானிக் வந்தார். தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தார்.

"டேய் கொக்கு, என் டிபன் பாக்ஸத் திருடித் தின்ன வாய்தானே இது? இப்ப என்ன பத்தியம்?"

அப்பா சிரித்தார். சிரித்த வாயில் நான்கு கரண்டி சூப் போயிற்று.

கொக்கு என்ற பெயரே எங்களுக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக் கொய்யாவைத் தொட்டதற்கு அண்ணனைப் பெல்டால் அடித்தவர் எங்கள் அப்பா.

இரவுச் சாப்பாடும் இறங்கினால் குழாய் வேண்டாம் என்றாள் நர்ஸ். மெக்கானிக் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். "சாப்பிடுங்கப்பா" என்று அக்கா கெஞ்சினாள். வாய் மறுபடி மூடிக்கொண்டது. அவள் கரண்டியை என் கையில் திணித்துவிட்டு, தன்னால் 'கொக்கு' என்று கூப்பிட முடியாது எனச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

அப்பாவை நான் 'நீ' என்றுகூடச் சொன்னதில்லை. கதவைச் சாத்தினேன்.

"டேய் கொக்கு. வாயத் திற. ஷிப்டுக்கு நேரமாச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது ஆளா? மரியாதை தெரியாது?"

"புதுசுதான். மன்னிச்சிருங்கண்ணே."

அப்பா வாயைத் திறந்தார்.