மச்சான் பிடித்த கயிறு

1943-ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்து சனம் கோயிலை விட்டு வெளியே வருகிற நேரத்தில், தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்குள்ளிருந்து ஓர் எரிமலை எழும்பி, மேலிருந்த தண்ணீரை உதறிவிட்டு, வான்தீவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. மத்தியானத்துக்குள் அதன் இடுப்பைச் சுற்றித் தென்னை முளைத்தது, சாயங்காலம் காய்த்தும்விட்டது. இளநீர் கொஞ்சம் சூடாக இருந்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யுத்த காலமாதலால் ஊரில் இருட்டடிப்பு உத்தரவு இருந்தது. மலை விளக்கணைக்காமல் எரிகிறதே என்று ஓர் அதிகாரி படகில் போய், உத்தரவைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அதன் முன்னால் நின்று வாசித்தார். அன்று முதல் மலை பகலில் மட்டும் எரிந்தது. விறகு கிடைக்காமல் வீட்டுக்கு வீடு திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தீவின் பாறைமேல் பானையை வைத்தால் தானாகச் சோறு வெந்தது, ஓடையில் குளித்தால் உடம்பு வலி போயிற்று. பிறகு கேட்கவா வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை தோறும் சனம் குடும்பம் குடும்பமாகத் தோணி ஏறியது. சாயர்புரத்திலிருந்து வாத்தியார்மார்கூடப் பிள்ளைகுட்டிகளோடு வந்து நாலு நாள் தங்கி, முகம் பளபளவென்று திரும்பிப் போனார்கள்.

வளன் மட்டும் அந்தத் தீவுக்குப் போகவில்லை. அவன் சங்குக்குளித் தோணியில் கயிறு பிடிக்கிறவன். அவன் தங்கை பிளாரன்ஸின் புருஷன் ரோச் குளியாளி. கல்லில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்கிச் சங்கு பொறுக்குகிறவன். இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மேலே தோணியில் ஒருத்தன் கையில். மூன்று சுண்டு சுண்டினால் இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றை அந்தக் கரையில் எவனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டான். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கும். பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பான். மச்சான் கைநழுவவிட்டால் தாலி அறுவது அவன் தங்கைக்குத்தானே, அதனால் விடமாட்டான் என்பது கணக்கு. கல்யாணத்தன்று பிளாரன்ஸ் கழுத்தில் தாலி ஏறிய கையோடு, கயிறு கையிலிருக்கும் மட்டும் தங்கை புருஷன்மேல் மனசில் கறுவு வைக்கமாட்டேன் என்று வளன் மாதா சன்னதியில் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருந்தான்.

பண்ணிய சத்தியத்தை எட்டு வருஷமாகக் காப்பாற்றினான். பட்டதெல்லாம் பிளாரன்ஸ். ரோச் குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். குழம்பில் புளி கூடினால் செவிட்டில் அறைவான், குறைந்தால் இடுப்பில் மிதிப்பான். வாசல் நிலைக்கு மேலே காய்ந்த திருக்கை வால் ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். முள்ளும் சுணையுமாக இருக்கும் அந்த வால் பட்ட இடத்தில் தோல் உரிந்துகொண்டு வரும். பிளாரன்ஸுக்கு முன்பல் இரண்டு இல்லை. இடதுகை ஒருமுறை முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. ஒருதரம் வளன், "எங்கூட வந்துருளா" என்று கூப்பிட்டான். அதற்கு அவள், "வந்தா, நாளைக்கு நீ எப்படிண்ணே அவருக்குக் கயிறு பிடிப்ப?" என்று திருப்பிக் கேட்டாள். மறுநாளும் அவன் கயிறு பிடிக்கப் போனான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ரோச்சை மேலே இழுத்தான். ஒவ்வொரு தடவையும், தங்கையை அடிக்கப்போகிற கையைத் தானே தண்ணீரிலிருந்து தூக்கி விடுகிறோம் என்று தெரிந்தே இழுத்தான்.

மலை வந்த பிறகு ஒரு மாறுதல் ஏற்பட்டது. ரோச் வீட்டுக்குள் பிளாரன்ஸ்மேல் அடி விழுந்தால், மலை ஊர்மேல் கல் எறிந்தது. கையால் அறைந்தால் எலுமிச்சம்பழம் அளவு, காலால் மிதித்தால் தேங்காய் அளவு, திருக்கை வாலை எடுத்தால் சடசடவென்று ஏழெட்டு. முதலில் ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று சைரன் ஊதி, சனம் வாய்க்காலுக்குள் போய்ப் படுத்தது. ஒரு மாதத்தில் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ரோச் அவளை அடுப்புத் திண்டில் மோதிய அன்று வண்டிச் சக்கரம் அளவு கல் வந்து ஒரு தோணியின் பாய்மரத்தை முறித்து, கட்டிக்கிடந்த இரண்டு ஆடுகளைக் கொன்றது. எட்டு வருஷமாக அந்த வீட்டிலிருந்து கேட்ட அலறலுக்கு ஒருத்தன் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஊரே வாசலில் வந்து நின்றது. பலசரக்குக் கடைத் தாணுலிங்கம் அண்ணாச்சி, உடைந்த ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏலே ரோச், ஒன் வீட்டு வெவகாரத்த ஒன் வீட்டோட வச்சுக்கோ! என் கூர என்னல பாவம் செஞ்சிது? மூணு தடவ ஓடு மாத்திட்டேன்!"

தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அடிக்காதே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை, அது குடும்ப விஷயமாம். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரோச் நாலு நாள் அந்தத் தீவில் போய் இருக்கட்டும், வெந்நீரில் குளித்தால் கோபம் தணியும், மலைக்கும் மனசு ஆறும் என்று முடிவு கட்டினார்கள். தோணி ஓட்ட மச்சானும் கூடப் போகவேண்டும் என்றார்கள். இப்படித்தான் 1944 சித்திரையில் வளன் முதல்முறையாக அந்தத் தீவுக்குப் போனான். சாமான் இறக்கும்போது சுருட்டிய பாய் கனத்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தான், திருக்கை வால் இருந்தது. கடலில் எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் நின்றான். பிறகு பாயைச் சுருட்டினபடியே கரையில் கொண்டுபோய் வைத்தான். அதை நினைத்துப் பின்னால் அவன் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. ரோச் ஏழு வயது மகள் பேபியை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தினான். தானே சூரை மீன் பிடித்து, மிளகாய் அரைத்துத் தடவி, சுடுபாறையில் வாட்டி எல்லோருக்கும் கொடுத்தான். பிளாரன்ஸ் கறுப்பு மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கோணல் கைக்கு ஒத்தடமாகச் சூட்டு மணலை அள்ளிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் பேபி இளநீர் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு தத்தித் தத்திக் குதித்ததைப் பார்த்து, பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். அவள் சிரித்து வளன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அட, பெரியவர்கள் சொன்னது சரிதானோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

நாலாம் நாள் காலையில் எல்லோருமாக மலை உச்சிக்கு ஏறினார்கள். ஏற்றத்துக்கு உதவும் என்று வளன் தோணியிலிருந்த சங்குக்குளிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். உச்சியின் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. மறுபக்கத்துப் பள்ளம் ஆறிப்போய், கிணறு மாதிரி தெளிந்த தண்ணீர் நின்றது. எட்டிப் பார்த்த ரோச் அப்படியே குத்தவைத்துவிட்டான். ஆழத்தில் சுவர் முழுக்க முத்துச்சிப்பி. பதினைந்து வருஷமாக அந்தக் கடலில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அவன் வேட்டியை அவிழ்த்துத் தார் பாய்ச்சிக்கொண்டான்.

"இது கடல் தண்ணி இல்ல. மலை மூச்சு விடுத எடம். இறங்காதீக, புள்ளைக்காகவாவது" என்றாள் பிளாரன்ஸ்.

"ஏளா, எனக்கே புத்தி சொல்லுதியா?"

ரோச் சுருட்டிய பாயைக் கையோடு கொண்டுவந்திருந்தான், அதற்குள்ளிருந்து திருக்கை வாலை உருவினான். வால் முதல் வீச்சில் அவள் தோளைக் கிழித்தது, இரண்டாவதில் கன்னத்தை. அவள் மண்டி போட்டு விழுந்தாள். இடுப்பில் மிதித்தான். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் வீசினான். "மாப்ள, வேண்டாம் மாப்ள" என்று வளன் கையைப் பிடிக்கப் போனதற்கு அவன் நெற்றியில் ஒன்று விழுந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. பேபி ஓடிவந்து அம்மா மேல் விழுந்து மூடிக்கொண்டாள். ரோச் கையை நிறுத்தவில்லை. வால் பிள்ளையின் காதிலிருந்து முதுகு வரைக்கும் தோலை உரித்துக்கொண்டு போனது. அவன் பேபியை அடித்தது அதுதான் முதல்முறை. பிள்ளை அழவில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. மலை கல் எறியும் என்று வளன் காத்திருந்தான். ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை.

"பாத்தியா மச்சான், மலையும் என் பக்கந்தான்" என்று ரோச் சிரித்தான். வாலைக் கீழே போட்டான். கயிற்றை இடுப்பில் கட்டி, அடித்த கையின் வேர்வை காயுமுன்னே, அதன் மறுமுனையை வளன் கையில் கொடுத்தான். மனுஷன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அந்தக் கரையில் பிறந்த வேறு எவனும் யோசித்திருக்கமாட்டான். மச்சான் கை, மச்சான் கைதான். ஒரு பாறைக்கல்லில் கால் வைத்து இறங்கினான். முதல் தடவை மடி நிறையச் சிப்பியோடு வந்தான். இரண்டாம் தடவையும் வந்தான். மூன்றாம் தடவை இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு மூன்று சுண்டு சுண்டியது. வளன் கை தன்னால் இழுக்க ஆரம்பித்தது. அவன் மனசு என்ன நினைத்தது என்று அந்தக் கைக்குத் தெரியாது.

பிளாரன்ஸ் பக்கத்தில் வந்து நின்று கயிற்றின்மேல் கை வைத்தாள், இழுப்பு நின்றது. கன்னத்துச் சதை பிளந்து தொங்கியது. "அண்ணே, நீ இந்தக் கயித்த எதுக்குப் பிடிக்க?"

"இது என்ன கேள்வி? ஒன் தாலிக்காகத்தான்."

அவள் இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தாலியைக் கழற்றினாள். அவன் மடியில் போட்டாள். "அப்ப இத நீ வச்சுக்கோ. கயித்த எங்கிட்ட குடு."

"சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்ணிருக்கேன், பிளாரன்ஸ்."

"தாலி கழுத்துல கெடந்தாத்தான அந்தச் சத்தியம்?"

கயிறு மறுபடியும் மூன்று தடவை சுண்டியது. வளன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பேபியைப் பார்த்தான். கையைத் திறந்தான். அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷம் வெட்கமாகவும் இருந்தது. பிளாரன்ஸ் கயிற்றை வாங்கிக்கொண்டாள். இழுக்கவுமில்லை, விடவுமில்லை. கயிறு தாறுமாறாகத் துள்ளி அவள் உள்ளங்கையை அறுத்தது. பிறகு ஓய்ந்தது. முடிந்தது என்று வளன் சிலுவை போட்டுக்கொண்டான். ஆனால் ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் கழித்து, நிதானமாக, மூன்று சுண்டு. இன்னும் கொஞ்சம் கழித்து, இன்னும் மூன்று.

அவர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். பிளாரன்ஸ் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்க, கயிறும் கூடவே வந்தது. தோணி ஏறினாள், கடலுக்குள்ளும் வந்தது. முப்பது பாகம், அதாவது முப்பது ஆள் நீளம்தான் இருந்த கயிறு ஐந்து மைல் நீண்டு தூத்துக்குடிக் கரை ஏறி, தெருவைக் கடந்து வீட்டுக்குள் நுழைந்தது. கொல்லையில் நின்ற பூவரச மரத்தில் ஆள் உயரத்துக்கு அதைக் கட்டிவிட்டு, அவள் பேபியின் முதுகுக்கு மஞ்சள் அரைக்கப் போனாள். திருக்கை வாலை வளன் அடுப்பில் வைத்துக் கொளுத்தினான்.

ஏட்டு மாசானம் விசாரிக்க வந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மூன்று சுண்டு சுண்டியதும் கையை உதறிவிட்டு, 'மேற்படி நபர் கயிற்றின் மறுமுனையில் உயிருடன் இருக்கிறார், வெளியே எடுக்கும்படி அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்' என்று எழுதினார். இருக்கிற இடம் தெரிந்த ஆளைக் காணவில்லை என்று எப்படிக் கேஸ் எழுதுவது? ரோச்சின் அண்ணன்மார் நாற்பது பேரைச் சேர்த்து இழுத்துப் பார்த்தார்கள், ஒரு சாண்கூட வரவில்லை. மச்சான் கை பட்டால்தான் வரும் என்று தெரிந்துபோனது. வளனைக் கடற்கரையில் மடக்கித் துடுப்பால் அடித்தார்கள். விலா எலும்பு மூன்று முறிந்தது. வாயில் ரத்தத்தோடு அவன் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னான்.

"அவ கழுத்துல தாலி ஏறட்டும். இழுக்கேன்."

தெருப் பெரியவர்கள் வளனிடமிருந்து தாலியை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு பிளாரன்ஸிடம் வந்தார்கள். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்த இடத்தில் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பு ஆகப்போகிற சமயத்தில் தாணுலிங்கம் அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். "ஓடு மாத்தி ஆறு மாசம் ஆச்சுய்யா. ஒண்ணுகூட ஒடையல. நல்லாருப்பீக, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். யோசித்துப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் தலைக்குமேல் ஓடு இருந்தது. கலைந்து போனார்கள்.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். 1948-இல் ஒருநாள் மத்தியானம் மலை வந்தமாதிரியே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. விடுமுறைக்கு வந்த சனம் ஒரு வாரம் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மலை போயும் கயிறு தொய்யவில்லை. வளன் கடலுக்குப் போவதை விட்டு உப்பளத்தில் வேலை பார்த்தான். சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்து பூவரச மரத்தடியில் உட்காருவான். கயிறு சுண்டும்போதெல்லாம் அவன் விரல் தன்னால் மடங்கும்.

1949 ஆவணியில் ஒரு சாயங்காலம், பேபி துவைத்த பாவாடையைப் பிழிந்து கொண்டுவந்து அந்தக் கயிற்றில் விரித்தாள். பன்னிரண்டு வயது. காதிலிருந்து இறங்கிய தழும்பு ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்தது.

"மாமா, நீ இழுத்தா அப்பா வருவாரா?"

பிள்ளையிடம் பொய் சொல்ல வளனுக்கு வாய் வரவில்லை. "வருவாரும்மா."

கயிறு மூன்று தடவை சுண்டியது. பாவாடை மண்ணில் விழுந்தது. வளன் விரல்கள் மடங்குவதை அவள் பார்த்தாள்.

"இழுக்காத மாமா" என்றாள். குனிந்து பாவாடையை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடியும் கயிற்றிலேயே போட்டாள்.