வலிக்கு ஒரு செட்

வெள்ளத்துரை இராயபுரத்தில் மருந்துக்கடை போட்டு இருபது வருஷமாகிறது. டாக்டர் சீட்டோடு வருகிறவர்களைவிட, உடம்பு வலிக்கு ஒரு செட் கொடு என்று வருகிறவர்கள்தான் அதிகம். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று என்று அட்டையிலிருந்து கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். அந்தப் பக்கத்தில் அதை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. டீ குடிக்கிற மாதிரிதான்.

சொக்கம்மாள் காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். போன மார்கழியில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு பொரபொரத்துவிட்டது, இன்னொரு தரம் விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று சொல்லி, வாரத்துக்கு ஒன்று போடுகிற எலும்பு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பாள். அதில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது.

ஆடி பிறந்ததும் அந்த அட்டையைக் கொண்டுவந்து கடை மேஜைமேல் போட்டாள். கண் மஞ்சளாக இருந்தது.

"இந்தா அண்ணாச்சி, நீயே வச்சுக்கோ. இது ஈரலைக் கெடுக்குதாம், டாக்டரு நிறுத்திட்டாரு. இனிமே வுழுந்தா வுழுந்ததுதான்."

ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லையாம். எலும்பு மாத்திரையால் அபூர்வமாக அப்படி ஆவதுண்டு, நிறுத்திப் பார்ப்போம் என்றாராம் டாக்டர். வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாயா என்றும் கேட்டாராம். ஒன்றும் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

வெள்ளத்துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். கை ஒடிந்த நாளிலிருந்து அவளுக்குத் தினம் மூன்று செட். ஒரு செட்டில் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற இரண்டு மாத்திரையிலும் பாராசிட்டமால்; அளவு மீறினால் ஈரலைக் கெடுப்பது அதுதான். கொடுத்த மகராசன் யார்? இவரேதான். பேசாமல் அட்டையை வாங்கி உள்ளே போட்டால் பழி எலும்பு மாத்திரையோடு போய்விடும். ஆனால் செட் நிற்காது, ஈரலும் தேறாது. நாளைக்கு அவள் இடுப்பொடிந்து படுத்தால் எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது?

"ஏம்மா, செட்டு போடுததைச் சொல்லலையா?"

"அதப் போய் டாக்டராண்ட சொல்வாங்களா? அது இன்னா மாத்திரையா? வலிக்குச் சும்மா போடறது."

அவருக்குக் கோபம் வந்தது, தன்மேல்தான். செட்டில் என்னென்ன, எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதிக் கடை முத்திரையையும் குத்தினார். இதைக் கொடுத்தவன் நான்தான் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார். இனி செட் கிடையாது என்றும் சொன்னார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

இரண்டு மாதத்தில் மஞ்சள் இறங்கியது. தாளைப் பார்த்த டாக்டர், செட்தான் காரணம் என்று சொல்லி எலும்பு மாத்திரையை மறுபடி எழுதினார்.

அதற்கடுத்த வாரம் சொக்கம்மாள், கூட இறால் உரிக்கிற கோவிந்தம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள்.

"டாக்டருக்கே தெரியாதத நம்ம அண்ணாச்சி கண்டுபுடிச்சாரு. உன் முதுகு வலிக்கு இவராண்டயே வாங்கு."

ஒரு செட் கொடு என்று கோவிந்தம்மா கையை நீட்டினாள்.

"நான் கண்டுபிடிக்கலைம்மா. அவங்க ஈரலைக் கெடுத்ததே நான்தான். செட்டு கிடையாது, டாக்டரைப் பாருங்க."

சொக்கம்மாள் சிரித்தாள். பெருமை பேசத் தெரியாத மனுஷன் என்று கூட வந்தவளிடம் சொன்னாள்.

கோவிந்தம்மா எதிர்க்கடைக்குப் போய் ஒரு செட் வாங்கி, அங்கேயே தண்ணீர் கேட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.