கட்டில் காலடியில் ஒரு நிழல்

என் மனைவியின் அண்ணன் ஓவியர். நண்பர்களுக்கு அவர் எழுதிய படக் கடிதங்களைக் கலைக்கூடத்தில் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மனைவி பீரோவைத் திறந்து தன் கடிதத்தை எடுத்தாள். வேலை கிடைத்து அவர் வெளியூர் போன புதிதில் அவளுக்கு எழுதியது. நடுவில் வாடகை அறை: கட்டில், ஸ்டவ், கொடியில் ஒற்றைச் சட்டை. சுற்றிலும் ஸ்டவ்வின் புகையைப் போல வளைந்து வளைந்து போகும் எழுத்து.

“வக்கீலுக்கு எழுதினது, டாக்டருக்கு எழுதினது எல்லாம் சுவர்ல தொங்கப் போவுது. கூடப் பொறந்தவளுக்கு எழுதினது ஒண்ணுகூட இல்லேன்னா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள்.

கலைக்கூட அதிகாரிக்குக் கடிதம் பிடித்துவிட்டது. ஆனால் அடியில் ‘இப்படிக்கு, அண்ணன்’ என்று மட்டும் இருந்தது.

“எந்த அண்ணன்னு கேப்பாங்கம்மா. சார்கிட்ட பேர் போட்டு வாங்கிட்டு வந்துடுங்க.”

மறுநாள் மச்சானின் வேலையறைக்குப் போனோம். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கடிதத்தைப் பார்த்தார்.

“பேரை மட்டும் போடுண்ணா,” என்றாள் மனைவி.

“இரு, இரு. மாப்ளே, இதைப் பாருங்க. கட்டில் காத்துல மிதக்குது. அப்ப எனக்கு ஒரு மண்ணும் தெரியல.”

பேச்சோடு பேச்சாகத் தூரிகையை எடுத்தார். பெயர் போடத்தான் எடுக்கிறார் என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். ஒரே இழுப்பு. கட்டில் காலடியில் கறுப்பாக நிழல் விழுந்துவிட்டது. அடுத்த காலுக்கு நகர்வதற்குள் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ பாவி! இத்தனை வருஷம் ஒரு பூச்சி அண்டாம வச்சிருந்தேன்!”

“இப்பதான் கட்டில் தரையில நிக்குது.”

“நீதான் தரையில நிக்கல!”

அதிகாரிக்குப் போன் செய்தேன். பேர் போடுவது வேறு, பழைய படத்திலேயே புது மை பட்டுவிட்டால் அந்த வருடத்துக் கடிதம் என்று எப்படி எழுதுவது, மாட்ட முடியாது என்றார். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கடிதத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சான் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வரியைத் திருத்தினால் பக்கத்திலேயே தேதி போட்டு, யார் திருத்தியது என்றும் எழுதிவிடுவோம். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. மறுபடியும் அதிகாரிக்குப் போன் செய்து அதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, அப்படிப் பண்ணுங்க” என்றார்.

“கொடு,” என்றார் மச்சான்.

“பேனாவால மட்டும். தூரிகையைத் தொட்டே, நடக்கிறதே வேற.”

இரண்டு மூலைகளையும் அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் அவர் பொடியாக எழுதினார்: ‘கட்டிலின் நிழல் இன்று போட்டது. தங்கையைக் கேட்காமல் போட்டேன்.’ கீழே தேதி, முழுப் பெயர்.

கண்காட்சி தொடங்கிய நாளில் வக்கீலின் கடிதத்துக்கும் டாக்டரின் கடிதத்துக்கும் நடுவில் அது தொங்கியது. மனைவி அதன் பக்கத்திலேயே நின்றாள். மதியத்துக்கு மேல், “கால் வலிக்குமே, வா, வீட்டுக்குப் போகலாம்” என்றேன்.

“நீங்க போங்க. அண்ணன் இன்னும் இங்கதான் சுத்திக்கிட்டிருக்காரு. நான் மூடினப்புறம் வரேன்.”