தூணுக்குத் தைத்த சட்டைகள்

ஸ்டுடியோவின் உடை அறையில் நான் தையல் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் அவர் வந்தார். கதாநாயகனிடம் அடி வாங்கும் ஆறு ரௌடிகளில் ஒருவர், தயார் சட்டை எதுவும் பத்தவில்லை, அளவெடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திடீரென்று வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், தலையைக் குனிந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே வந்துகொண்டிருந்தார். குஸ்தி மேடையில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். பதினான்கு வருஷத்தில் ஒருத்தராலும் அவரை மல்லாத்த முடியவில்லையாம். முழங்கால் பழுதாகி, டாக்டர் இனிமேல் குஸ்தியே கூடாது என்று சொன்ன பிறகுதான் சினிமாவுக்கு வந்திருந்தார்.

என் அளவு நாடா அவர் மார்பைச் சுற்றி வரவில்லை. நாடா முடிந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி அளந்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி நின்றார். குஸ்தியில் நசுங்கிச் சுருண்டிருந்த காதுகள் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"மூச்ச விடுங்க. இல்லன்னா சட்டை போட்டதுமே கிழிஞ்சுடும்."

"கிழியறதுக்குத்தானே தைக்கறீங்க?"

அதுவும் உண்மைதான். சண்டைக் காட்சிச் சட்டைகளுக்குத் தோளிலும் முதுகிலும் பெரிய பெரிய தையலாகப் போடுவோம், இழுத்ததும் பிரிந்து வரும்படி. ஆனால் அத்தனை பெரிய உடம்பிலிருந்து இத்தனை மெல்லிய குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை படப்பிடிப்பு. கதாநாயகன் ஒரு குத்து விடுவார், இவர் மல்லாக்க விழவேண்டும். அவ்வளவுதான். கதாநாயகன் குத்தினார். இவர் நின்றார். மறுபடி குத்தினார். இவர் முகத்தில் வலி வந்தது, கை காற்றில் சுழன்றது, சட்டை கிழிந்தது, ஆள் மட்டும் அப்படியே நின்றார். கதாநாயகன் இவருடைய ஒரு தொடைக்குச் சமம். ஒன்பது முறை குத்திக் களைத்துப்போனார். ஒவ்வொரு முறையும் நான் ஊசியோடு ஓடிப்போய்ச் சட்டையை ஒட்டுப்போட்டேன்.

சண்டைப் பயிற்சியாளர் கத்தினார். "யோவ், விழத் தெரியாதாய்யா உனக்கு? சின்னப் புள்ளகூட விழுமே!"

"விழணும்னுதான் மாஸ்டர் நெனைக்கறேன். முதுகு கேக்க மாட்டேங்குது."

சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நாளைக்கும் இப்படியே நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார் மாஸ்டர்.

மதியம் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கிழிந்த சட்டையை யாரும் மடித்துக் கொண்டுவர மாட்டார்கள். அவர் நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அறையின் மூலையில் வெட்டுத் துணி மூட்டைகள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன.

"இதுல விழுந்து பாருங்க" என்றேன்.

"உங்க முன்னாடியா?"

"நான் திரும்பிக்கறேன்."

திரும்பி நின்றேன். சத்தமே வரவில்லை. பார்த்தால், மூட்டைக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வேர்த்து வழிய நின்றுகொண்டிருந்தார். நானே போய் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். சுவரைத் தள்ளிய மாதிரிதான் இருந்தது.

"விழறதுன்னு நெனைக்காதீங்க. நாளெல்லாம் வேலை செஞ்சுட்டு வீட்டுக்குப் போறீங்க. கட்டில் இருக்கு. யாரும் உங்களோட சண்டைக்கு வரல. சாயறீங்க, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டுச் சாய்ந்தார். மூட்டைகள் நாலாபக்கமும் பிதுங்கின, சுவர் அதிர்ந்தது, அலமாரித் தட்டிலிருந்த பொத்தான் டப்பாக்கள் அத்தனையும் கீழே கொட்டின. துணிக்குவியலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "விழுந்துட்டேனா?"

சாயங்காலம் வரை இருவரும் தரையில் தவழ்ந்து பொத்தான் பொறுக்கினோம். மறுநாள் ஒரே டேக்கில் விழுந்தார். "எங்கய்யா கத்துக்கிட்ட?" என்று மாஸ்டர் கேட்டாராம். "தையல் ரூம்ல" என்றாராம் இவர். அன்றையிலிருந்து ஸ்டுடியோவில் எங்கள் இருவரையும் சேர்த்துக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு அந்தக் கிண்டலுக்கு ஒரு முடிவு கட்டினோம்.

அதன் பிறகு பதினெட்டு வருஷம் அடி வாங்கினார். பெரிய கதாநாயகன், சின்னக் கதாநாயகன், ஒரு படத்தில் கதாநாயகனின் பாட்டிகூட அடித்தார். அவர் சட்டைகளின் முதுகில் நான் உள்பக்கமாகப் பஞ்சுப் பட்டை வைத்துத் தைப்பேன். எங்கள் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு படத்துக்குக் கூட்டிப்போனோம். அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, "எங்கப்பாவ அடிக்காதீங்க!" என்று அழுதாள். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அவர் அவளை மடியில் இழுத்துக்கொண்டு காதோடு சொன்னார்: "வலிக்கவே இல்ல கண்ணு. சட்டைக்குள்ள அம்மா பஞ்சு வச்சிருக்கா."

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். போன் வரும்போதெல்லாம் தேதியைக் குறித்துக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பார். "வசனம் ஏதாவது இருக்குங்களா?" அத்தனை வருஷத்தில் அவர் திரையில் பேசியது "டேய்", "பாஸ்", "ஓடிட்டான் பாஸ்", அவ்வளவுதான். அதையும் வேறொருவர் கட்டைக் குரலில் பேசியிருப்பார்.

ஐம்பது தாண்டியதும் முழங்கால் மறுபடி மக்கர் செய்தது. போன் வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. ஒரு நாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முன்பு உதவி இயக்குநராக இருந்தபோது எங்கள் உடை அறைக்கு வந்துபோனவள், இப்போது சொந்தமாகப் படம் எடுக்கிறாள்.

"சார், ஒரு அப்பா வேஷம். ஒரே பொண்ணு, வேலை கெடச்சு வெளியூர் போறா. அவளுக்குப் பெட்டி கட்டற காட்சி. மூணு பக்கம் வசனம். உங்க குரல்லயே பேசணும்."

"அடி?"

"யாரும் அடிக்க மாட்டாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணுக்குக் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் வீடு அமளிப்பட்டது. சமையலறையில் நான் அவருக்கு மகள். மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் நிஜ மகளே மகள். குளிக்கும்போதும் வசனம் சொன்னார். தூக்கத்திலும் சொன்னார்.

படப்பிடிப்பு அன்று கேமரா ஓடத் தொடங்கியதும் மூன்று பக்கமும் அவருக்கு மறந்துவிட்டது. முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்துக்கும் உடை என் பொறுப்பு, ஊசியும் நூலுமாகக் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். மகளாக நடித்த பெண்ணும் திகைத்து நின்றாள். இயக்குநர் மட்டும் 'கட்' சொல்லவில்லை.

அவர் கட்டிலில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக நான்காக மடித்துப் பெட்டியில் வைத்தார். "ஸ்வெட்டர மேல வைக்கறேன். குளிருச்சுன்னா தேடிட்டு இருக்கக் கூடாது" என்றார். அது வசனத்தில் இல்லை. பெட்டியை மூடினார். ஒரு கையால் தூக்கினார். ஆளையே தலைக்குமேல் தூக்கிய கை, அந்தப் பெட்டி அவருக்கு ஒரு பூச்செண்டு. இரண்டடி நடந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ரொம்பக் கனமா இருக்கும்மா. நாளைக்குப் போலாமா?"

அந்தப் பெண் நடிக்காமலேயே அழுதாள். இயக்குநர் 'கட்' சொன்னதும் இவர் பதறிப்போய், "மன்னிச்சுக்கம்மா, எல்லாம் மறந்துபோச்சு, இன்னொரு தடவ எடுத்துடலாம்" என்றார். இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு பக்கத்தையும் நானே கிழிச்சுப் போட்டுடறேன் சார்" என்றாள்.

படம் வந்தபோது நாங்கள் மூவரும் மதியக் காட்சிக்குப் போனோம். 'நாளைக்குப் போலாமா' என்றதும் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு அது அடங்கி, மூக்கை உறிஞ்சும் சத்தங்கள் கேட்டன. இவர் திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது ஒரு வயதான அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முழங்கையைத் தொட்டார். "ஏம்ப்பா, உன் பொண்ணு நல்லபடியாப் போய்ச் சேந்தாளா?"

எங்கள் மகள் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. குனிந்து, அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து, "சேந்துட்டாம்மா. நேத்துதான் போன் பண்ணினா. ஆபீஸ் பிடிச்சிருக்காம்" என்றார்.

அந்த அம்மா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"சும்மா இரு. வயசானவங்க, வீட்டுக்குப் போய்க் கவலப்பட்டுட்டு இருப்பாங்க" என்றார் அவர். பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்தப் பொண்ணு எந்த ஆபீசில், என்ன வேலை பார்க்கிறாள் என்று மகள் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். அவரும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.