ரூஃபஸின் ஐந்து தோட்டாக்கள்

கிட்டுசாமி காரின் டிக்கியைத் திறந்ததும் காலி பிளாஸ்டிக் பால் கேன்கள் தடதடவென்று டிரைவ்வேயில் உருண்டன. ஒன்று தெருவுக்கே போய்விட்டது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, அதைக் காலால் தடுத்து எடுத்து வந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. லிவர்மோரில் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலி கேன் வந்து இறங்குவதைப் பல வருஷமாகப் பார்த்தவர் அவர். நடுவில் இரண்டு வருஷம்தான் வரவில்லை.

“இருவத்தி நாலுங்க அம்மிணி,” என்றார் கிட்டுசாமி. “கோயில்ல பாலாபிஷேகம் பண்ணுனது பாதி, எங்கூட்டுத் தயிருக்கு வாங்குனது பாதி. எல்லாம் நானே கழுவிட்டனுங்க.”

“அபிஷேகம் பண்ண கேனையா அண்ணாச்சி சுடப் போறோம்?”

“சாமிக்குப் போனது பாலுங்க. கேனு ரீசைக்கிளுக்குத்தான போவுது?”

ஜெயலீலா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், இந்தப் பதிலை இவர் முன்பு அவள் புருஷன் ரூஃபஸிடமும் இப்படியே, இதே இடத்தில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது ரூஃபஸ், “ஏளா ஜெயா, பொள்ளாச்சிக்காரர் லாஜிக்கப் பாத்தியா?” என்று கராஜுக்குள்ளிருந்து கத்தினான். இப்போது கராஜுக்குள் ஃப்ரீசர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

கிட்டுசாமியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மகளின் கிரீன் கார்டு வந்தால் கறியைத் தொடமாட்டேன் என்று பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டவர். கார்டு வந்து, மகள் சிட்டிசனும் ஆகியாயிற்று. ஒரு முட்டை கூடத் தொடவில்லை. அப்படிப்பட்ட மனிதர், மான் வேட்டைக்குப் போகிற நாசரேத்து கிறிஸ்தவனோடு எப்படி ஒட்டினார் என்று கேட்டால், கணக்குதான். ஒரு தோட்டா எத்தனை வேகத்தில் போகும், நூறு கஜத்தில் எவ்வளவு இறங்கும், காற்று எவ்வளவு தள்ளும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார். காற்றை அளக்க ஒரு கருவி கழுத்தில் தொங்கும். ஆனாலும் விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கருவி சொல்வதை நம்புவார். ரூஃபஸ் அதற்காகவே அவரை ஓட்டிக்கொண்டிருப்பான்.

ரூஃபஸ் போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்சில். நெஞ்சு வலி என்று தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அவன் வைத்துவிட்டுப் போன பலவற்றையும் ஜெயலீலா எடுத்து ஒதுக்கிவிட்டாள். ஒதுக்க மறந்தது ஒன்றே ஒன்று. கலிஃபோர்னியாவில் டூலி எல்க் என்று ஒரு மான் இனம் உண்டு. குதிரையளவு இருக்கும். அதை வேட்டையாட அரசாங்கம் குலுக்கல் முறையில்தான் அனுமதி கொடுக்கும்; வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேர் போடுவார்கள், விரல்விட்டு எண்ணுகிற பேருக்குக் கிடைக்கும். ரூஃபஸ் பதிமூன்று வருஷம் தன் பெயரைப் போட்டான். போதாது என்று ஜெயலீலாவையும் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி, லைசென்ஸ் எடுக்க வைத்து, அவள் பெயரையும் போட்டான். விசா குலுக்கலுக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தனித்தனியாகப் போடுவோமே, அதே புத்தி.

“யாருக்கு விழுந்தா என்னளா? ஒரே வீட்டுக்குத்தான வருது?” என்பான்.

அந்த விண்ணப்பம் கம்ப்யூட்டரில் பழகிப்போன ஒரு வேலையாகிவிட்டது. வருமான வரி கட்டுகிற மாதிரி, இந்த வருஷமும் யோசிக்காமல் தன் பெயரைப் போட்டுவிட்டாள் ஜெயலீலா. ஜூனில் பதில் வந்தது. அனுமதி கிடைத்திருந்தது. பெண் எல்க் ஒன்று. வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது.

ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மகள் ரெனிஷாவிடம் ஃபோனில் சொன்னாள்.

“மாம், யூ டோன்ட் ஹேவ் டு கோ.”

“தெரியும்ளா.”

“ஆர் யூ டூயிங் திஸ் ஃபார் டாட்?”

ஜெயலீலா அடுப்பில் கொதிக்காத குழம்பைக் கிண்டினாள். “பாக்கேன், பிறவு சொல்லுதேன்,” என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்வி மனசில் கிடந்து அறுத்தது. கராஜ் அலமாரியில் ஒரு சிவப்பு டப்பா இருந்தது. மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் ரூஃபஸின் கோணல் எழுத்தில் ‘எல்க்’ என்று இருந்தது. அவன் கையாலேயே வெடிமருந்து நிரப்பி அமுக்கிச் செய்த தோட்டாக்கள். இந்த ஊரில் வேட்டைக்கு ஈயம் கூடாது என்பதால் சுத்தச் செம்பு முனை. இருபது செய்தான். பதினைந்தைச் சுட்டுப் பார்த்துத் திருப்தியாகி, ஐந்தை வைத்துவிட்டான். வராமலே போன அந்த நாளுக்கென்று வைத்த ஐந்து. அதில் ஒன்றால் அந்த எல்க்கைச் சுட்டால் அவன் கை பட்டது போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய உடனேயே டெக்ஸஸும் ஞாபகம் வந்தது.

டெக்ஸஸில் இருந்த காலத்தை நினைத்தால் ஜெயலீலாவுக்கு முதலில் வருவது வாசனைதான். வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாளில் சுற்றிய புளிச்சோறு, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, வெயில் ஏறிய கார் சீட். ஹூஸ்டனிலிருந்து தெற்கே ஐந்து மணி நேரம். ரூஃபஸ் வழி நெடுகக் கீர்த்தனை பாடிக்கொண்டு வருவான். சுதி சேராது, சர்ச் கொயரில் அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் நீல்காய் என்கிற, மாட்டளவு பெரிய மான் உண்டு. ஆமாம், நம் நாட்டு நீல்காயேதான். யாரோ எந்தக் காலத்திலோ கொண்டு வந்து விட, பெருகிப் புதருக்குள் திரிகிறது. முதல் தடவை பார்த்தபோது ரூஃபஸ் பைனாகுலரை இறக்காமலே, “ஏளா, நமக்கு முன்னாலயே வந்து செட்டில் ஆயிருக்கு பாரு. இன்டர்வியூ கூடக் கெடையாது,” என்றான். இருவரும் புதருக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அன்றைக்குச் செய்த தப்பு சின்னதுதான். முந்தின மாதம் வெண்வால் மானுக்கு வாங்கிய தோட்டா மிச்சம் இருந்தது. மெல்லிய உறை, உடனே விரிகிற ரகம். ஆட்டு அளவு மானுக்கு அது சரி. நீல்காயின் தோல் செருப்புத் தோல், தோள் எலும்பு அதைவிட. பண்ணைக்காரர் சொல்லத்தான் செய்தார். “தோட்டா வீணாப் போகுதுல்லா?” என்று ரூஃபஸ் அதையே போட்டான். மிச்சச் சோற்றைக் கொட்ட மனசு வராத வீட்டில் வளர்ந்தவன்.

நீல்காய் விழவில்லை. மூன்று காலில் ஓடியது. புல்லில் இரத்தமில்லை, கொஞ்சம் முடி, ஒரு எலும்புச் சில்லு. அன்று முழுக்கத் தேடினார்கள். மறுநாள் மத்தியானம் கழுகு வட்டமிட்ட இடத்தில் கிடைத்தது. அது இரவெல்லாம் காலால் பறித்த மண் பள்ளமாகக் கிடந்தது. வாயெல்லாம் மண். ரூஃபஸ் தோளைக் கீறிப் பார்த்தபோது தோட்டா எலும்பிலேயே பொரிகடலையாய் உடைந்து போயிருந்தது. அந்தத் துணுக்குகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் அவள் கண்ணில் நிற்கிறது. மூன்று வருஷம் துப்பாக்கியைத் தொடவில்லை. அப்புறம் தொட்டபோது ஒரு அளவு வைத்துக்கொண்டான்: “வாயில வச்ச புல்ல முழுங்குறதுக்குள்ள முடிஞ்சிரணும். அது முடியாதுன்னா சுடவே கூடாது.”

பால் கேன் தொடங்கியது அப்புறம்தான். தண்ணீர் நிரப்பிய கேன்களை வரிசையாக வைத்துச் சுடுவது. தோட்டா எத்தனை கேனைத் துளைத்து எந்தக் கேனில் நிற்கிறது, எப்படி விரிந்து நிற்கிறது என்று பார்ப்பது. தயிர் உறைகிற வீடுகள் இருக்கும்வரை ரூஃபஸுக்குக் கேன் பஞ்சமே வரவில்லை.

சனிக்கிழமை காலை மலைக்குப் பின்னால், ரூஃபஸுக்குத் தெரிந்த மாட்டுப் பண்ணையில் கேன்களை அடுக்கினார்கள். பக்கத்திலேயே தாளில் வட்டம் போட்டு ஒட்டினார் கிட்டுசாமி. விரலை நனைத்துத் தூக்கினார். “காத்தே இல்லீங்க,” என்று சொல்லிவிட்டுக் கருவியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

ஜெயலீலா முதலில் ரூஃபஸின் பெரிய ரைஃபிளை எடுத்தாள். சிவப்பு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள்.

“சுட்டுப் பாத்தா கொறஞ்சிருமே அண்ணாச்சி.”

“பாக்காமப் போனா அங்க போய்த்தானுங்க தெரியும்.”

சுட்டாள். தோளில் கழுதை உதைத்த மாதிரி இருந்தது. கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துத் தண்ணீர் வெயிலில் எழும்பி விழுந்தது. ஆறாவது கேனின் அடியில் தோட்டா கிடந்தது. நான்கு இதழாகச் செம்பு விரிந்து, ஒரு துணுக்கும் சிந்தாமல், சின்னச் செம்பருத்தி மாதிரி.

“அப்பனே முருகா,” என்றார் கிட்டுசாமி. “இதுல கொறையே சொல்ல முடியாதுங்க.”

அடுத்த இரண்டையும் தாளில் சுட்டாள். ஒன்று வட்டத்துக்குள். இன்னொன்று தாளின் ஓரத்தில். உதை வரப்போகிறது என்று தெரிந்த தோள், விசையை அழுத்துகிற நொடியில் தானாகச் சுருங்கியது. அவள் பிடித்து நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. அவன் இந்த ரைஃபிளுக்கென்றும் தன் தோளுக்கென்றும் அளந்து செய்த தோட்டா, அவளுக்காக அளக்கவில்லை.

பிறகு தன் சின்ன ரைஃபிளை எடுத்தாள். கடையில் வாங்கிய தோட்டா. இதுவும் செம்புதான், எடை குறைவு. மூன்று சுட்டாள். மூன்றும் ஒரு பூரிக்குள் அடங்கின. கேனில் சுட்டபோது ஐந்தாவதில் நின்றது, அதுவும் இதழ் விரித்து. எல்க்கின் நுரையீரல் தோசைக்கல் அகலம் என்பான் ரூஃபஸ். பூரி தோசைக்கல்லுக்குள் தாராளமாக அடங்கும்.

கிட்டுசாமி நோட்டில் எழுதினார். அவளைப் பார்க்காமலே, “நூத்தம்பது கஜத்துக்குள்ளன்னா இது போதுமுங்க. அதுக்கு மேல வேண்டாம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அது ரூஃபஸோட தோட்டா. ஒசந்ததுதான். ஆனா அந்த மானுக்கு ரூஃபஸத் தெரியாதுங்களே அம்மிணி,” என்றார்.

ஜெயலீலாவுக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. அவர் திரும்பி நின்று ஓட்டை விழுந்த கேன்களைப் பொறுக்கத் தொடங்கினார். மிச்சம் இரண்டு தோட்டாக்களையும் டப்பாவில் போட்டு மூடினாள். விரிந்த செம்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு மகளுக்கு ஃபோன் பண்ணினாள்.

“அப்பாக்காகன்னு நெனச்சேன்ளா. அப்பாக்காகன்னா சரியா வராது போல.”

“தென் ஃபார் ஹூ?”

“போய்ட்டு வந்து சொல்லுதேன்.”

நவம்பர் மாதம், அனுமதியில் குறித்திருந்த மலையில் இரண்டு நாள் ஒன்றும் கிட்டத்தில் வரவில்லை. ஒரு தடவை முந்நூறு கஜத்தில் பன்னிரண்டு நின்றன. கிட்டுசாமி தூரத்தைச் சொன்னதும் ஜெயலீலா சுடாமல் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ரூஃபஸ் இருந்தாக்கா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, ஓக் மரத்தடியில் அவர் கொண்டு வந்த தயிர்சோற்றைத் தின்று முடிக்கும்போது, கீழே பள்ளத்திலிருந்து ஐந்து பெண் எல்க் மேய்ந்துகொண்டே ஏறி வந்தன.

“நூத்தி முப்பது,” என்று கிசுகிசுத்தார்.

முன்னால் வந்தது நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. நெஞ்செலும்பு குறுக்கே இருந்தது. ஜெயலீலா காத்திருந்தாள். அது தலையைக் குனிந்து ஒரு வாய் புல்லைப் பற்றி இழுத்தது. அப்படியே பக்கவாட்டில் திரும்பியது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் அந்த இடம் தெரிந்தது. சர்ச்சில் கீர்த்தனை பாடும்போது கடைசி அடியில் மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவாள், அப்படி நிறுத்தினாள். தோள் சுருங்கவில்லை. விசை எப்போது விட்டது என்றே தெரியவில்லை.

மற்றவை பள்ளத்தில் இறங்கி ஓடின. அது நாலு எட்டு வைத்து, உயர்ந்த புல்லுக்குள் மறைந்தது.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பதறி ஓடினால், உயிரிருந்தால் எழுந்து ஓடும் என்று ரூஃபஸ் சொல்லிக் கொடுத்திருந்தான். கிட்டுசாமி வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெயலீலா சட்டைப் பைக்குள் விரலை விட்டுச் செம்பின் இதழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு எழுந்து, இரண்டாவது தோட்டா தயாராக இருக்கிற ரைஃபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் போனார்கள். அது நின்ற இடத்தில் புல்லெல்லாம் இளஞ்சிவப்பு நுரை; நுரையீரலில்தான் பட்டிருந்தது.

இருபது அடி தள்ளிக் கிடந்தது. கால் பறித்த மண் எதுவும் இல்லை. கண் திறந்தே இருந்தது. பல்லுக்கு நடுவில், கடைசியாக இழுத்த புல் பாதி உள்ளும் பாதி வெளியுமாக இருந்தது. வெளியே நீண்டிருந்த ஒரு புல்தாள் லேசாக அசைந்தது.

ஜெயலீலா அப்படியே நின்றுவிட்டாள். ரைஃபிள் மெல்ல உயர்ந்தது. தாள் நின்றது. மறுபடி அசைந்தது.

“அண்ணாச்சி, மூச்சா, காத்தா?” என்றாள்.

கிட்டுசாமி கழுத்தில் தொங்கிய கருவியைத் தொடவில்லை. விரலை நாக்கில் நனைத்து, மலைச்சரிவைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.