முப்பதாவது ஆள்

தணிகாசலத்தை டீக்கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. காலை ஆறரை மணிக்கே சாராய நெடி, நிற்கக்கூட முடியவில்லை. அவன் போட்டிருந்த கறுப்புச் சட்டையை உருவிக்கொண்டு, "வூட்டுக்குப் போயித் தொலைடா" என்று இடுப்பில் ஒரு உதை விட்டேன். கூலியில்லாமல் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி தேவானை தோலை உரித்துவிடுவாள் என்று முனகிக்கொண்டே எங்கோ போனான்.

என் பெயர் ஏகாம்பரம். கோடம்பாக்கத்தில் ஏஜென்ட். படத்தில் ஹீரோவிடம் அடி வாங்கி விழுகிற கூட்டம் இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து விடுகிறவன் நான். சினிமா கம்பெனிக்கு என் ஆட்களின் முகம் தெரியாது, ஆட்களுக்குக் கம்பெனியில் ஒருத்தரையும் தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? அதனால் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முழுநேர வேலை.

முதல் நாள் ஸ்டூடியோ கேட் நோட்டில் முப்பது பெயர் எழுதிக் கொடுத்தால், அந்தக் காட்சி முடியும்வரை அதே முப்பது பேர்தான் வரவேண்டும். நடுவில் ஒருத்தன் கவிழ்ந்துவிட்டால் அதே உயரத்தில் இன்னொருத்தனைப் பிடித்து, அதே சட்டையை மாட்டி, அதே பெயரில் உள்ளே தள்ளிவிடுவோம். எல்லா ஏஜென்ட்டும் செய்கிறதுதான். இந்தப் படத்தில் கொள்ளைக் கூட்டம் வேறு, எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்புத் துணி. என் வேலை இன்னும் சுலபம்.

கேட்டுக்கு வெளியே ஒரு மாதமாகத் தவம் கிடந்தவன் இனாயத். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், ரங்கநாதன் தெரு கடைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுக்கும் அமீனா பீயின் ஒரே மகன். தணிகாசலத்தின் உயரம், அதே உடம்பு வாகு. சட்டையை அவனிடம் எறிந்தேன்.

"இன்னிக்கு உன் பேரு தணிகாசலம். கூப்ட்டா 'சார்'னு மட்டும் சொல்லு, வேற வாயே தொறக்காத."

"சரி நைனா" என்று சிரித்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

பதினோரு மணிக்குச் சுவர் விழுந்தது. மரச்சட்டம் அடித்துப் பிளாஸ்டர் பூசிய இரண்டு மாடி உயர செட்டுச் சுவர், விழவேண்டிய ஷாட்டுக்கு முன்பே சாய்ந்துவிட்டது. இருபத்தொன்பது பேர் ஓடிவிட்டார்கள். சட்டத்தைத் தூக்கிப் பார்த்தபோது இனாயத்தின் முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

மேனேஜர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா இவன்?"

"தணிகாசலம் சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம்தான், வேறென்ன. ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் போலீஸ் என்னைத்தான் தூக்கும், அப்புறம் எந்த கேட்டும் எனக்குத் திறக்காது. சாயந்திரத்துக்குள் தணிகாசலத்தைப் பிடித்து அவன் வீட்டில் நிறுத்திவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. கிண்டி, சைதாப்பேட்டை என்று ஒரு சாராயக்கடை விடாமல் தேடினேன். ஆள் அகப்படவில்லை. அதற்குள் கம்பெனி ஜீப் அடையாற்றங்கரைக் குடிசைக்குப் போய்ச் சேதி சொல்லிவிட்டது. தேவானை கதவு நிலையில் தலையை மோதிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் காலை அமீனா பீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏஜென்ட்டு, நேத்துப் போன புள்ள இன்னும் வரலப்பா."

"செங்கல்பட்டுப் பக்கம் அவுட்டோர் ஷூட்டிங் போயிருக்கான்மா. நாளைக்கு வந்துருவான்."

நாக்கு எவ்வளவு பழகியிருக்கிறது பாருங்கள், கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. அவள் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள். "நல்லா இருப்பா. ராத்திரி பூரா பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரைகூட என்னால் நிற்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் தைத்து மூடிக் கொடுத்த உடம்பு, "பிரிக்காதீங்க, பாக்கற மாதிரி இல்ல" என்று அவர்கள் சொல்லி அனுப்பிய உடம்பு, இந்நேரம் ஆற்றோரச் சுடுகாட்டுக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளையை மண்ணில் வைக்க வேண்டியவள் இங்கே எனக்கு நல்வாக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். அங்கே அவனைக் கொளுத்தப் போகிறார்கள். உள்ளே இருப்பது யார் என்று இந்த ஊரில் என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

ஓடினேன்.

நான் போனபோது விறகு அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றியாகிவிட்டது. தணிகாசலத்தின் தம்பி கொள்ளியோடு நின்றான்.

"நிறுத்துடா! அது உங்க அண்ணன் இல்ல!"

"இன்னா சொல்ற?"

"வேற ஆளு. நான்தான் பேரை மாத்தி உள்ள வுட்டேன். உங்கண்ணன் எங்கியோ குட்ச்சிட்டுக் கெடக்கறான்."

ஒருத்தனும் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? என்றைக்கு அவர்களிடம் உண்மை பேசினேன்?

"கம்பெனி எதுனா குடுக்கும்னு தெரிஞ்சதும் ஆளை மாத்தறியா? பொணத்துலயும் கமிசனாடா உனக்கு?" என்று ஒருத்தன் விறகுக் கட்டையால் என் வாயில் அடித்தான். இரண்டு பல் போனது. கீழே விழுந்தவனை நாலைந்து பேர் மிதித்தார்கள். விலா எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மிதிக்கிற கால்களுக்கு நடுவே தம்பி திரும்பிக் கொள்ளி வைப்பதைப் பார்த்தேன்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மண்ணெண்ணெய் குப்பென்று பிடித்துக்கொண்டது. வலது கையைத் தீக்குள் விட்டுக் கால் பக்கத் துணியைப் பிடித்து இழுத்தேன். கையில் தோல் சுருண்டது. முதுகில் கட்டை மேல் கட்டையாக அடி விழுந்தது. விடவில்லை. உடம்பு சரிந்து மண்ணில் விழுந்தது, தையல் பிரிந்து இடுப்புவரை துணி கிழிந்தது.

சுடுகாட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். "டேய், கைய எடுங்கடா. சுன்னத் பண்ண ஒடம்புடா இது. பாய் வூட்டுப் புள்ள."

அடி நின்றது. தம்பி குனிந்து பார்த்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்து சிரித்தான், அழுதான், எழுந்து வந்து என் வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டுவிட்டு மறுபடி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து அவனே போய் ஒரு கைவண்டி பிடித்து வந்தான். தன் வேட்டியைக் கிழித்து உடம்பைப் போர்த்தினான். ரங்கநாதன் தெரு கூட்டத்துக்குள் நாங்கள் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அமீனா பீ முகத்துத் துணியை விலக்கவில்லை. பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், அதுவே போதுமாக இருந்தது. எத்தனை நேரம் அந்தப் பாதத்தின் மேல் கிடந்தாளோ. நிமிர்ந்தபோது என் கை அவள் கண்ணில் பட்டது.

"தீயா? ஷூட்டிங்ல தீ புடிச்சுதா? எம்புள்ளைய இழுக்கப் போயா உன் கை இப்படி ஆச்சு?"

தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா" என்றேன்.

அமீனா பீ என் கையை இரண்டு கையாலும் ஏந்தி, எரிச்சல் அடங்கட்டும் என்று வாயால் ஊதினாள்.