தியாகராசாவுக்குப் பிடித்தவை

புலவருக்கு யாரும் சொல்லவில்லையோ, சொல்லியும் அவர் காதில் ஏறவில்லையோ தெரியாது. பிள்ளை குட்டி இல்லாமல் செத்துப்போன தியாகராசாவுக்கு அவர் நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்திருந்தார். அதுவும் சும்மா பிள்ளைகள் இல்லை. 'மலைநிகர் தோளுடை மைந்தர்கள் நால்வர்' என்று எழுதிக் கீழே கோடும் இழுத்திருந்தார்.

ஞானாம்பிகை அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். புருசன் செத்த இருபத்திரண்டு நாளில் அவளுக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான். சிரிப்பு வந்த கையோடு கோபமும் வந்தது.

"பெரியத்தான், இது ஆற்றை கல்வெட்டு?"

கதிரவேலு தியாகராசாவின் தமையன். கோயில் தர்மகர்த்தா, ஊரில் நாலு பேர் எழும்பி நின்று மதிக்கிற மனிதர். தம்பிக்குக் கொள்ளி வைத்தது அவருடைய மகன். ஆனபடியால் செத்தவீட்டுக் காரியம் முழுவதும் தன் தலையில் என்று அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் அதில் ஒன்று. முகப்பில் செத்தவரின் படம், அடுத்ததாய்ச் செத்த நாளைச் சொல்லுகிற திதி வெண்பா, பிறகு அவர் பெருமையைப் பாடுகிற பாட்டுகள், தேவாரம். அதில்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ஒழுங்காகச் செத்ததாகக் கணக்கில்லை.

"ஏன் பிள்ளை, தம்பீன்ரைதான்," என்றார் கதிரவேலு.

"அப்ப இந்த நாலு பேரும் எங்கை? ஒருத்தனையும் பெத்த ஞாபகம் எனக்கில்லை."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் சற்றுக் கறுத்தது. "புலவர் வேறை ஆருக்கோ எழுதினதைப் பேர் மாத்தித் தந்திட்டார் போலை. அந்த வரியை வெட்டி விடுவம். உதையெல்லாம் ஆர் வாசிக்கினம்?"

"வெள்ளி தவறாமல் சன்னிதிக்குப் போனவர் எண்டும் கிடக்கு. இவர் போறது வருசத்திலை ஒருக்கா, திருவிழாவுக்கு. அதுவும் அங்கை சினிமாப் பாட்டுப் புத்தகம் விக்கிறவன் வருவான் எண்டு."

"செத்த மனுசனைப் பற்றி உப்பிடிக் கதைக்கக் கூடாது பிள்ளை."

"உள்ளதைத்தானே கதைக்கிறன்."

உள்ளது இதுதான். தியாகராசா சுன்னாகம் ஸ்டேசனில் ரிக்கற் கொடுத்தவர். கொழும்பிலிருந்து மெயில் வண்டியில் வாரப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். கட்டை ஏஜென்ற் வந்து எடுக்குமுன் மேலே இருப்பதை உருவி, ரிக்கற் ஜன்னலுக்குப் பின்னால் தொடர்கதையை வாசித்து முடித்துவிட்டுத் திரும்பச் செருகி வைத்துவிடுவார். பிறகு தன் காசுக்கு ஒன்று வாங்கி, தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிய ஊசி நூலால் தைத்து மட்டை போடுவார். அப்படி வீட்டில் நாற்பத்தியொரு புத்தகம். படம் என்றால் ஒன்றும் விடமாட்டார். யாழ்ப்பாணத்தில் முதல் காட்சி பார்த்து, பிடித்தால் மறுநாளும் போவார். தொண்ணூறில் சண்டை மூண்டு வண்டி நின்று, கரண்டும் நின்ற பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் கசெற் போட்டார். சில்லைச் சுற்றுவது ஞானாம்பிகை, பாட்டுக் கேட்பது அவர். கை உளைந்து சுற்றுக் குறைந்தால் பாட்டுக்காரிக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி இருக்கும். "ஞானம், சுருதி போகுது," என்பார். அந்த ஆளை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இவ்வளவையும் எழுதி வைக்க மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. அதில் மூன்று பட்டியல்: பாட்டு, கதை, படம். ஒவ்வொன்றிலும் பிடித்தது பத்து, ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டு. அவைக்கு உள்ள பேர்களை அவர் எழுதுவதில்லை, தானே ஒரு பேர் வைப்பார். தைப்பொங்கலண்டு பொங்கிச் சாப்பிட்ட கையோடு சிவப்பு மையால் பட்டியலைத் திருத்துவார். அன்றைக்குத் தபால்கந்தோர் முருகேசுவும் இன்னும் ஐந்தாறு பேரும் வந்து கத்துகிற கத்தலில் பக்கத்து வளவு நாய் ஊளையிடும். ஒருவரும் ஒரு நாளும் தியாகராசாவை வென்று போனதில்லை.

"பெரியத்தான், அந்தக் கொப்பியை அடிப்பம்."

கதிரவேலுவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "எந்தக் கொப்பி? உந்தக் கண்டறியாத சினிமாக் கொப்பியோ? உனக்கென்ன விசரே? அந்தியேட்டிக்கு ஆரும் சினிமாப் படம் அடிச்சுக் குடுப்பினமோ? சந்தி சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மூண்டு கிழமையாய் அழுததுக்கு அது காணும்."

"பிள்ளை, கடதாசி இல்லாத காலம். எட்டுப் பக்கத்துக்குத்தான் இருக்குதெண்டு பிறஸ்காரன் சொல்லிப்போட்டான். அதிலை தேவாரம் போடவே இடம் காணாது." அவர் எழும்பினார். கொப்பியைக் கையாலும் தொடவில்லை. "நான் அச்சுக்குக் குடுத்திட்டன். நாலு பிள்ளையளை வெட்டச் சொல்லுறன். அவ்வளவுதான்."

அவர் போன பிறகு ஞானாம்பிகை அடுப்படியில் போய் இருந்தாள். அழவேண்டும் போல இருந்தது, ஆனால் அழுகையைவிட ஆத்திரம்தான் முன்னுக்கு நின்றது. இந்த மனிதனுக்குப் பிள்ளை இல்லை. பேர் சொல்ல ஒரு பூனைக்குட்டி இல்லை. மிஞ்சப் போவது அந்த எட்டுப் பக்கம்தான். அதிலும் வேறு ஒருத்தனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இதுதான் தியாகராசா என்றால், அவர் இரண்டாம் தரமும் செத்த மாதிரி. விடமாட்டேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆளில்லை, ஆனாலும் சொன்னாள்.

இருபத்தைந்தாம் நாள் காலமை அவள் சைக்கிளை எடுத்தாள். சாவுத் துடக்கு கழியாத வீட்டு மனிசி, புருசன் செத்து முப்பத்தொரு நாள் முடியாமல் வாசற்படலை தாண்டக் கூடாது. தாண்டினால் ஊர் என்ன சொல்லும் என்பது அவளுக்கு மனப்பாடம். வெங்காயச் சந்தைக்குள்ளால், சனம் பார்க்கப் பார்க்க, வெள்ளைச் சீலையோடு உழக்கிக்கொண்டு போனாள். தெரிந்த பெண்கள் இரண்டு பேர் வாயில் கைவைத்தார்கள். அவள் மணியை அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டினாள்.

அச்சுக்கூடக்காரர் கனகரத்தினம் அவளைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் இரண்டு அடி ஒதுங்கினார்.

"அக்கா, சொல்லியனுப்பினால் நான் வந்திருப்பனே. துடக்கோடை..."

"துடக்கு எனக்குத்தான், உங்கடை எழுத்துக்கில்லை. புலவற்றை பாட்டை அச்சுக் கோர்த்துப் போட்டியளோ?"

"ரெண்டு பக்கம் கோர்த்திட்டன்."

"கலையுங்கோ." கொப்பியை மேசையில் வைத்தாள். "இதை அடியுங்கோ."

கனகரத்தினம் ஒற்றையைப் புரட்டினார். முகம் மாறியது. "அக்கா, இது சினிமா. இந்தச் சண்டை நேரத்திலை உதை அடிச்சு, இயக்கத்திலை ஆராவது வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? தர்மகர்த்தா ஐயாவும் என்னைத் துலைச்சுப் போடுவார்."

"ஆர் கேட்டாலும் என்னட்டை அனுப்புங்கோ. செத்தது என்ரை மனுசன்."

அவர் தலையைச் சொறிந்தார். மூலையில் பழைய கல்வெட்டுகளில் மிஞ்சினவை கட்டுக் கட்டாகக் கிடந்தன. கடலைக்காரருக்கு நிறுத்துப் போடுகிற பழசுகள். ஞானாம்பிகை குனிந்து மேலே கிடந்த ஒன்றை எடுத்து, முகப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு பாட்டை வாசித்தாள். பசித்தோர்க்கு அன்னமிட்டவர், அரனடி மறவாதவர், பொய் உரையாதவர்.

"போன மாதம் நீங்கள் அடிச்சது. இது ஆர்?"

கனகரத்தினம் யோசித்தார். "வியாபாரி ஒருத்தர்... இல்லை, அந்த வாத்தியார்..."

அவள் கையை எடுத்தாள். படத்தில் இருந்தது ஒரு கிழவி.

கனகரத்தினம் கதிரையில் இருந்தார். மறுபடி கொப்பியை எடுத்து, இந்தத் தரம் முதலில் இருந்து வாசித்தார். 'கதை, முதலாவது: விளக்குமாடத்துக்காரன் மகள். முப்பத்திரண்டாம் கிழமைப் புத்தகம் வரேல்லை. எண்பத்து மூண்டு ஆடி. கலவரத்திலை வண்டி நிண்டுபோச்சு. அந்த அத்தியாயத்தை நானே எழுதித் தைச்சு வைச்சிருக்கிறன். ஞானம் வாசிச்சிட்டு அந்த அத்தியாயம்தான் திறம் எண்டவ. அவவுக்கு இன்னும் தெரியாது.'

"உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

"இருபது நாளைக்கு முன்னம்தான் தெரியும்," என்றாள் ஞானாம்பிகை. பாட்டுப் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். "பாட்டிலை முதலாவதாய்ப் போட்டிருக்கிறது பிழை. அது ஒரு அழுகுணிப் பாட்டு. எத்தினையோ தரம் சொன்னன், கேக்கேல்லை. பிழையெண்டாலும் அது அவற்றை பிழை. அப்பிடியே அடியுங்கோ, ஒரு எழுத்து மாத்தாமல்."

"திதி வெண்பா?"

"அது கிடக்கட்டும். செத்த நாளாவது உண்மை."

முப்பத்தோராம் நாள் வந்தது. வழமையாக அந்தியேட்டி செய்கிற கீரிமலைப் பக்கம் சண்டையால் போக வழியில்லாத காலம். அந்தியேட்டிக் கிரியையைத் தொண்டைமானாற்றங்கரையில் முடித்துக்கொண்டு ஆண்கள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். முற்றத்துப் பந்தலில் சனம் நிறைந்திருந்தது. பந்திக்கு வாழையிலை கழுவி அடுக்கி வைத்திருந்தது. மூலையில் நூற்றைம்பது புத்தகம் உள்ள கட்டு. கதிரவேலு கயிற்றை அவிழ்த்து ஒன்றை எடுத்தார். படம் பார்த்தார், வெண்பா பார்த்தார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். திருப்பின கை அப்படியே நின்றது.

நேரே அறை வாசலுக்கு வந்தார். உள்ளே பெண்களுக்கு நடுவில் ஞானாம்பிகை இருந்தாள்.

"பிள்ளை, இதை ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது. கட்டினபடி கிடக்கட்டும். மீறிக் குடுத்தாய் எண்டால் இந்த வீட்டிலை நான் கை நனைக்க மாட்டன். இப்பவே எழும்பிப் போயிடுவன்."

அந்தியேட்டி வீட்டில் சாப்பிடாமல் தமையன் எழும்பிப் போவதென்றால் பிறகு அந்த வீட்டோடு கொண்டாட்டமும் இல்லை, துக்கமும் இல்லை. பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆண்துணை அவர். ஞானாம்பிகைக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் எழும்பினாள், அவரைத் தாண்டினாள், பந்தலுக்குள் போனாள். அன்றைக்கு அவள் ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாத நாள். கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்து ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றாய்க் கொடுத்தாள்.

கதிரவேலு செருப்பை மாட்டினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குப் போனார். அவரை ஒருவரும் மறிக்கவில்லை. மறிக்க நினைத்தவர்களும் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஒரு மூலையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு ஒரு குரல்: "இந்தப் பாட்டை மூண்டாவதாய்ப் போட்டது அநியாயம்." இன்னொரு குரல்: "நீ கண்டாய் பாட்டு. அதுதான் சரி." நடுப்பந்தலில் இரண்டு பேர் எழும்பி நின்றே கதைக்கத் தொடங்கினார்கள். முருகேசு எல்லாரையும் அதட்டினார். "சத்தம் போடாதையுங்கோ. படத்துக்கு வாறன்." அவர் உரத்து வாசித்தார்.

"படம், அஞ்சாவது: இரட்டைப் பிறவியள் சந்தையிலை தாயைச் சந்திக்கிற படம். பள்ளிக்குடம் போறம் எண்டு சொல்லிப்போட்டு நானும் அண்ணையும் களவாய்ப் போய்ப் பாத்தது. சந்தைக் காட்சியிலை அண்ணை விக்கி விக்கி அழுதவர். எனக்கு அழுகை வரேல்லை. படம் அவ்வளவு திறமில்லை. அண்ணை அழுததுக்காக அஞ்சாவது."

"பொய்."

எல்லாரும் திரும்பினார்கள். கதிரவேலு படலையில் நின்றார். ஒரு கால் றோட்டில், ஒரு கால் வளவுக்குள். முகம் சிவந்து போயிருந்தது.

"படுபொய். அழுதது உவன்தான். என்ரை சேட்டிலை மூக்கைத் துடைச்சவன். அந்தக் குறுக்காலை போவானைக் கூப்பிடு. கூப்பிடு அவனை, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

தான் சொன்னது என்னவென்று கதிரவேலுவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. சைக்கிள் ஆசனத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஞானாம்பிகை பந்தலுக்கு வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை.

"அவர் வரமாட்டார், பெரியத்தான். ஆனால் அவர் எழுதினதை நான் வெட்டவும் மாட்டன்."

கதிரவேலு நிலத்தைப் பார்த்தார். "நானும் அழுதனான்தான்," என்றார் மெல்ல. "ரெண்டு பேரும்தான் அழுதனாங்கள். அவன் அதையும் எழுதியிருக்க வேணும்."

"அப்ப நீங்கள் எழுதுங்கோ. அந்தப் பக்கத்தின்ரை அடியிலை இடம் கிடக்கு."

அவர் சைக்கிளை வேலியில் சாத்தினார். முருகேசு தன் பேனையைக் கழற்றிக் கொடுத்தார். கதிரவேலு பந்தல் ஓரத்தில் கதிரையைப் போட்டு இருந்து, மடியில் ஒரு புத்தகத்தை விரித்து எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்டிலை எழுதினால் காணாது," என்றாள் ஞானாம்பிகை. "நூற்றைம்பதிலையும் எழுதவேணும்."

சனம் தங்கள் தங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வரிசையாய் நின்றது. பந்தி ஒரு மணித்தியாலம் பிந்தியது. கதிரவேலு நூற்றைம்பதிலும் எழுதினார்: 'இரண்டு பேரும் அழுதோம்.'